வெடிமருந்தின் வழிச்செலவு யார் தலையில்?

அமெரிக்காவில் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் துப்பாக்கிப் பிரியர்களுக்கு ஒரு கட்டணத்தின் மேல் தீராத கோபம் உண்டு. வெடிமருந்தோ, அதைப் பற்றவைக்கும் பிரைமரோ பார்சலில் வந்தால், பெட்டிக்குள் ஒரு டப்பா இருந்தாலும் பத்து இருந்தாலும், அபாயப் பொருள் கட்டணம் என்று ஒரு தொகை தனியாக விழும். அடைத்து முடித்த தோட்டாவுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. பார்வைக்கு அநியாயமாகத் தெரியும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. தோட்டாக்களில் மருந்து கூடு கூடாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று வெடித்தாலும் மொத்தமும் ஒரே நொடியில் வெடித்துவிடாது. கொட்டிவைத்த மருந்து அப்படியல்ல, ஒரு பொறி போதும். அதனால்தான் அங்கே கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்தை எளிதில் தீப்பற்றும் பொருள் என்ற, கட்டுப்பாடு தளர்ந்த பிரிவில் அனுப்ப, டப்பாவுக்கு 454 கிராம், பெட்டிக்கு 25 டப்பா, வண்டிக்கு 45.4 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சோதித்த பெட்டி, எச்சரிக்கை லேபிள், ஆவணம், பயிற்சி பெற்ற ஆள் ஆகியவற்றுக்கான செலவைத்தான் வாங்குபவர் கட்டணமாகத் தருகிறார்.

தமிழகத்தின் கல்வராயன் மலையில் இந்தக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த அபாயம் இருக்கிறது, அதன் செலவை வேறு யாரோ சுமக்கிறார்கள். இந்தியாவில் வெடிமருந்தை அஞ்சலிலோ கூரியரிலோ வரவழைக்க முடியாது. ரயிலில் அபாயப் பொருளைச் சட்டவிரோதமாகக் கொண்டுபோனால் 1989 ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. 2008 வெடிபொருள் விதிகள் கருமருந்தை முதல் வகுப்பிலும் தோட்டாவை ஆறாம் வகுப்பிலும் வைக்கின்றன. துப்பாக்கி உரிமம் உள்ளவர் அதைக் காட்டி, உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். மலையில் போலீசார் அவ்வப்போது பறிமுதல் செய்வதோ உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள். குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் போட்டு இடிக்கும் அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. வழியில் எது மிக ஆபத்தோ, அதுவேதான் அதற்குத் தீனி. உரிமம் இல்லாதவர் கடைவாசலை மிதிக்க முடியாது. மருந்து கள்ளத்தனமாக வர வேண்டும், அல்லது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து வீட்டிலேயே அரைக்க வேண்டும். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் வழியாக மலைமேல் உள்ள வெள்ளிமலைக்கு ஏறும் எந்தப் பையில் அது இருந்தாலும், மேலே ஒரு லேபிள் இருக்கப்போவதில்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கோ, அது வைக்கப்படும் வீட்டின் குழந்தைகளுக்கோ தெரியப்போவதில்லை.

சட்டத்தை மீறுகிறவருக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். மீறியவர் மட்டும் சாவதில்லை என்பதே என் பதில். மருந்தைச் சட்டப்படி வாங்க வழி செய்தால் வேட்டை பெருகும் என்ற அடுத்த ஆட்சேபம் நியாயமானது. கடை திறக்கச் சொல்ல நானும் வரவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பதற்கு வேட்டை மட்டும் காரணமல்ல, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதைத் தாண்டினால்தான் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டியே மரவள்ளியும் மக்காச்சோளமும் போடும் மலைவாசிக்கு இதனால் என்ன கிடைக்கும்? பயிர் இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால்தான் துப்பாக்கியை விட்டுவிடச் சொல்லும் பேச்சு எடுபடும்.

துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போது மருந்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். துப்பாக்கி போன பிறகும் டப்பாவில் கிடக்கும் மருந்து அப்படியேதான் கிடக்கும். அதையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றால், பயிற்சியே இல்லாத ஒருவரை அபாயப் பொருளோடு மலைப்பாதையில் அனுப்புகிறோம் என்று பொருள். வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவினர் ஊர் ஊராகப் போய், கொடுப்பவர் மேல் வழக்குப் போடாமல் அதை வாங்கி அழிக்கட்டும். அந்த வண்டிச் செலவை அரசு ஏற்கட்டும்.