உங்களுக்குத் தெரியுமா? பீடம் மட்டும் எழும்பிய சதுக்கம்

மெக்சிகோ நகரின் மையச் சதுக்கம் ‘சோக்கலோ’ என வழங்கப்படுவதற்குக் காரணம், 1843இல் அங்கு எழுப்பத் திட்டமிடப்பட்ட விடுதலை நினைவுச்சின்னம் பீடத்தோடு நின்றுபோனதுதான். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பீடம் என்றே பொருள். சதுக்கத்தின் வடபுறத்தில் 1573 முதல் 1813 வரை கட்டப்பட்ட பேராலயம், அதாவது பேராயரின் இருக்கை அமைந்த தலைமைத் தேவாலயம், பழைய டெஸ்கோகோ ஏரியின் களிமண்மேல் நிற்பதாலும், நகரின் தேவைக்கு நிலத்தடி நீர் உறிஞ்சப்பட அக்களிமண் சுருங்குவதாலும், ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் புதைந்தது. 1990களில் பொறியாளர்கள் கண்ட தீர்வு விந்தையானது: தாழ்ந்த பகுதியைத் தூக்க முயலாமல், உயர்ந்து நின்ற பகுதியின் அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றி அதையும் இறங்கச் செய்தனர். குவிமாடத்திலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு, கொத்தனார் சுவரின் நேர்மை பார்க்கும் அதே எளிய கருவிதான், கட்டடம் சாய்ந்த வரலாற்றைப் பார்வையாளருக்கு இன்றும் காட்டுகிறது.