முப்பது மில்லி ஆம்பியர் காவல்

சிங்கப்பூரில் தேக்கா நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மெக்கன்சி சாலையில்தான், 1905இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டிகளுக்கான மின்நிலையம் இருந்தது. அடுத்த ஆண்டு ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு, போட் கீ ஆகிய இடங்களில் எரிந்த முதல் மின்சாரத் தெருவிளக்குகளுக்கும் அங்கிருந்தே மின்சாரம் போனது. தெருவுக்கு வந்த மின்சாரம் மெல்ல வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஆனால், அது ஆளைத் தாக்கினால் தானாகவே அதை அறுத்துவிடும் கருவி சிங்கப்பூரின் புதிய வீடுகளில் கட்டாயமானது 1985 ஜூலை 1ஆம் தேதியில்தான்.

அந்தக் கருவியின் பெயர் ஆர்சிசிபி. தமிழ்நாட்டில் இதை இன்னும் பலர் ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். 1985க்கு முன்பு எழுந்த வீடுகள் நிறைய உண்டு. பஃப்ளோ ரோட்டு அடுக்குமாடிகளே 1980களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. வீட்டைப் புதுப்பித்தவர்கள் போகிற போக்கில் இதையும் பொருத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். இவர்களையும் சேர்த்து, எல்லா வீடுகளுக்கும் ஆர்சிசிபி கட்டாயம் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் விதி கொண்டுவந்தது. கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசம் 2025 ஜூலை 1இல் முடிந்துவிட்டது. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். பொருத்த வேண்டிய பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேட்கலாம்.

"எங்கள் வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போதாது. ஃபியூஸும் எம்சிபி சுவிட்சும் ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக வைத்தவை. இங்குள்ள மூன்று முள் பிளக்கில் இருக்கும் பெரிய ஃபியூஸ் 13 ஆம்பியர் வரை தாங்கும். மனித உடல் தாங்குவது அதில் துளிகூட இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகளில், பிடித்த கம்பியைக் கையால் விட முடியாமல் போகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று தெரியவந்தது. ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் உடம்பில் ஏறக்குறைய 200 மில்லி ஆம்பியர் ஓடக்கூடும். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைத்து நிறுத்திவிட அது தாராளமாகப் போதும். 13 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஆர்சிசிபி வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே ஓர் இரும்பு வளையம். லைவ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியாகவே போகின்றன. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையம் அசையாமல் கிடக்கும். வழியில் கொஞ்சம் ஒழுகி, கிரைண்டர் உடல் வழியாகவோ ஆள் வழியாகவோ தரைக்குப் போனால் கணக்கு இடிக்கும். அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய இன்னொரு கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, சுவிட்சைத் தட்டிவிடும். வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியருக்கு உரியது. ஒழுக்கு அதைப்போல ஐந்து மடங்கானால் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அறுத்தாக வேண்டும் என்பது சர்வதேசத் தரம். இதயம் ஒரு முறை துடிக்கும் நேரத்தைவிட அது மிகக் குறைவு.

நம் வீடுகளில் எனக்குக் கவலை தருவது எர்த் கம்பி. சென்னையிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே நன்றாகவே ஓடும். இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் சேராது. அங்கே உருண்டை முள், இங்கே சதுர முள். சிங்கப்பூர் சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளையும் ஒரு மூடி அடைத்திருக்கும். மேலே உள்ள நீளமான எர்த் முள் முதலில் உள்ளே போனால்தான் அது திறக்கும். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக் குச்சியையோ விட்டுத் திறப்பதை எத்தனை வீடுகளில் பார்த்திருப்போம்! சதுரத் துளையில் உருண்டை முள் இறுக்கமாக உட்காராது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். சிலர் பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புது பிளக் மாட்டும்போது, பச்சை நிற எர்த் கம்பி நீளம் போதவில்லை என்று அதையும் வெட்டிவிடுகிறார்கள்.

"லேசா ஷாக் அடிக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு அரைங்க" என்று மாமியார் மருமகளிடம் சொல்வது நம் சமையலறைகளுக்குப் பழகிப்போன பேச்சு. அந்த லேசான ஷாக், மோட்டாரின் மின்காப்பு கெட்டுவிட்டதற்கான அடையாளம். எர்த் கம்பி சரியாக இருந்தால், கெட்ட அந்த நொடியிலேயே ஒழுக்கு கம்பி வழியாகத் தரைக்குப் போய் ஆர்சிசிபி விழுந்துவிடும். யாரும் தொட்டிருக்கவே வேண்டாம். எர்த் கம்பி இல்லையென்றால், ஒழுக்கு தரைக்குப் போக யாராவது தொடும்வரை காத்திருக்கும். அப்போதும் ஆர்சிசிபி அறுக்கும்தான், ஆனால் அதிர்ச்சி உடம்பில் பாய்ந்த பிறகு. லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொட்டவரை அதனாலும் காப்பாற்ற முடியாது; போனது அப்படியே திரும்பி வருவதால் அதன் கணக்கில் குறையே தெரியாது. இந்த இரண்டும் தெரியாமல் ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியத்தில் மட்டும் இருப்பது ஆபத்து.

வாட்டர் ஹீட்டருக்கும் தனி எச்சரிக்கை தேவை. அதைச் சாதாரண பிளக்கில் செருகக் கூடாது. லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்சோடு நேரடியாக இணைத்திருக்க வேண்டும். பழைய ஹீட்டரின் உட்புறம் அரித்துப்போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

வீட்டின் மின் விநியோகப் பெட்டியை (டிபி) திறந்தால் ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் வீடு இருட்டாக வேண்டும். ஆகவில்லையென்றால் கருவி செத்துப்போய்விட்டது, மாற்ற வேண்டும். வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொள்ளும். அழுத்துவது அதை அசைத்துக் கொடுக்கவும் உதவும். ஆனால் இந்தப் பொத்தான் எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை. அதற்கு எலக்ட்ரீஷியன் மீட்டரோடு வர வேண்டும்.

நள்ளிரவில் வீடு முழுவதும் இருண்டு, தாழ்வாரத்தில் மட்டும் விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, எம்சிபி அனைத்தையும் கீழே இறக்குங்கள். பிறகு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். அது விழாமல் நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பொருள்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. கெட்டில், வாஷிங் மெஷின், பழைய ஃபிரிட்ஜ் ஆகியவை அடிக்கடி மாட்டும். எல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்துகொண்டே இருந்தால் மறுபடி மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். சுவருக்குள் ஓடும் ஒயரில் கோளாறு இருக்கலாம். தீய்ந்த வாடை அடித்தால் மெயினை அணைத்துவிட்டு வெளியேறி 995ஐ அழையுங்கள். தாழ்வாரமும் சேர்ந்து இருண்டிருந்தால் நகர மன்றத்தின் 24 மணிநேரப் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட வேண்டும்.

ராத்திரியில் அவசரத்துக்கு வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். வீட்டின் ஒயரிங்கில் கை வைக்க, ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு மட்டுமே அனுமதி. மூன்று நிலை உரிமங்களில் முதல் நிலையான எலக்ட்ரீஷியன் உரிமமே ஒரு வீட்டுக்குப் போதும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது; பகலிலேயே ஒருவரைத் தேர்ந்து எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் இருட்டில் தேட வேண்டியதில்லை.  வந்தவர் ஆர்சிசிபியைத் தவிர்த்துவிட்டு ஒயரை நேரடியாக இணைத்து, "இப்போதைக்கு ஓடும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இருட்டிலேயே விடியும்வரை இருந்துவிடலாம்.