வாய்தா தவறாத அலுவலகம்

நீதிமன்றமும் ஊரும் – தொடர்

ஏழாயிரம்பண்ணையில் நீதிமன்றம் கிடையாது. பட்டாசு ஆலைத் தொழிலாளியோ, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியோ, வரப்புத் தகராறில் சிக்கிய விவசாயியோ வக்கீலைப் பார்க்க வேண்டுமானால் சாத்தூருக்கோ சிவகாசிக்கோ பஸ் ஏற வேண்டும். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது, ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில். வெடிபொருள் உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகம் சிவகாசியில் உள்ளது. உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலை 24 முதல் மதுரையில் இயங்குகிறது. ஒரே விபத்து இத்தனை ஊர்களிலும் வேலை வைக்கலாம். அதனால் இந்த வட்டாரத்து வக்கீல் அலுவலகம் ஒருவர் பெயரில் இருந்தாலும் ஒருவரால் மட்டும் நடப்பதில்லை.

யார் யார்?

பெயர்ப்பலகைக்கு உரியவர் சீனியர். கட்சிக்காரரிடம் விவரம் கேட்பது, வழக்கை எந்த மன்றத்தில் போடுவது என்று தீர்மானிப்பது, முக்கிய சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது, ஃபீஸ் பேசுவது ஆகியவை அவர் பொறுப்பு.

அடுத்தவர் ஜூனியர். 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்தவர் என்பதால் நீதிமன்றத்தில் பேச அவருக்கும் சீனியருக்கு உள்ள உரிமை உண்டு. ஆனால் முதல் சில ஆண்டுகள் அவர் வேலை பெரும்பாலும் காலை அழைப்புக்கு ஆஜராவது, வாய்தா வாங்குவது, பிராது எழுதிப் பழகுவது என்றே போகும். சம்பள விகிதம் என்று ஒன்று நெடுங்காலம் இருந்ததில்லை; சீனியர் கொடுப்பதுதான் கணக்கு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்ப உத்தரவிட்டது.

மூன்றாமவர் குமாஸ்தா. சட்டப் படிப்பு தேவையில்லை, வாதாடவும் முடியாது. ஆனாலும் அலுவலகத்தின் அன்றாட நிர்வாகம் அவர் கையில்தான். கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டுவது, மனுவைத் தாக்கல் செய்வது, பிழை சுட்டி ரிட்டர்ன் ஆனதைத் திருத்தி மறுபடி கொடுப்பது, சம்மனுக்குப் பேட்டா கட்டுவது, தீர்ப்புக்கு நகல் மனு போடுவது எல்லாம் அவர் வேலை. இவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1999-ல் தனி நல நிதிச் சட்டமே இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் பாரிஸ்டர்களின் கிளார்க் ஒருபடி மேலே போய், யாருக்கு எந்த வழக்கு, என்ன ஃபீஸ் என்பதையும் பேசி முடிப்பார். இங்கே அந்த அதிகாரம் சீனியரிடமே நிற்கிறது.

டைரியும் கட்டும்

அலுவலகத்தின் முதுகெலும்பு வாய்தா டைரி. அன்றைய வழக்குகள் நீதிமன்றவாரியாக எழுதப்பட்டிருக்கும். மாலையில் அடுத்த தேதியும் என்ன கட்டம் என்பதும் ஏற்றப்படும். முதல் நாள் மாலையே மறுநாள் வழக்குக் கட்டுகள் அலமாரியிலிருந்து இறங்கி, ஊர்வாரியாகப் பிரிக்கப்படும். சீனியர் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் ஜூனியர் சாத்தூரில் நிற்பார் என்ற பங்கீடு அப்போதே முடிவாகும்.

இத்தனை கவனத்துக்குக் காரணம் காலவரம்பு. கடன் வழக்குக்கு மூன்று ஆண்டு. மாவட்ட நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சான்றிட்ட நகல் பெற ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே குமாஸ்தா எந்தத் தேதியில் நகல் மனு போட்டார் என்பதே சில சமயம் மேல்முறையீட்டின் உயிரை நிர்ணயிக்கும். ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் அதை நீக்கக் கோரவும் 30 நாள்தான்.

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் கடனில் சரக்கு கைமாறும் தொழில்கள். எனவே செக் வழக்குகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தேதி தப்பினால், ஏன் தாமதம் என்று தனி மனு போட்டு நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டிவரும்.

இ-ஃபைலிங் வந்தபின் ஸ்கேனரும் கணினியும் அலமாரிக்குப் பக்கத்தில் இடம்பிடித்துள்ளன. வழக்குக்கு உரிய 16 எழுத்து-எண் குறியீட்டைக் கொண்டு அடுத்த வாய்தாவைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனாலும் டைரி போகவில்லை. தேதி மட்டும் தெரிந்தால் போதாது, அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது எழுதி வைத்தாக வேண்டும்.

விபத்து வழக்கு உள்ளே வரும்போது

2021 பிப்ரவரி 12-ல் அருகிலுள்ள அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. தீர்ப்பாயம் இப்படித் தலையிடாத சாதாரண விபத்துகளில் குடும்பம்தான் படியேற வேண்டும். அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி, இறந்தவர் ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டவரா என்பது. ஆம் என்றால் பலன் ஈ.எஸ்.ஐ. வழியே, இல்லை என்றால் தொழிலாளர் இழப்பீட்டு மனு, அதற்கு இரண்டு ஆண்டு வரம்பு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, கூலிக்கு ஆதாரம் என்ற பட்டியல் அதன்பின் தொடங்கும்.

முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊராக இருப்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. உரிம வேலைக்கு ஏற்கெனவே வந்துபோகும் ஆலையின் மேல், அதே அலுவலகம் தொழிலாளிக்காக வழக்குப் போடுவது முறையாகாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற சட்டக் கட்டுப்பாடு வக்கீலோடு நிற்பதில்லை, குமாஸ்தாவையும் மற்றப் பணியாளர்களையும் சேர்த்தே பிணைக்கிறது.

பணமும் பெயரும்

கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசப் பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. விளம்பரத்துக்கும் தடை; 2008 முதல் இணையத்தில் பெயர், முகவரி, பதிவு விவரம் போன்றவற்றை மட்டும் வெளியிடலாம். ஆகவே வழக்குகள் பழைய கட்சிக்காரர்கள் வாயிலாகவே வருகின்றன. கட்சிக்காரரிடம் வாங்கும் பணத்தில் எது ஃபீஸ், எது வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கணக்கு எழுதுவதும் விதி.

மும்பை, டெல்லி நிறுவனங்களில் பங்குதாரர்கள், அவர்களுக்குக் கீழ் சம்பள வக்கீல்கள், நிர்வாகத்துக்குத் தனி அலுவலர்கள் என்ற அமைப்பு உண்டு. பங்குதாரர் ஒருவர் இறந்தாலும் நிறுவனம் நடக்கும். சிறு நகர அலுவலகத்தில் நிலை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி வக்கீல் இறந்தால் அவர் பெற்ற வக்காலத்தும் முடிந்துவிடும். இதற்காகவே வக்காலத்தில் சீனியரோடு ஜூனியர் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருக்கிறது. அன்றாடம் இது ஜூனியர் ஆஜராவதற்கான வசதி. சீனியர் இல்லாத நாளில் அந்தக் கையெழுத்தைக் கொண்டே அலுவலகம் அடுத்த வாய்தாவுக்கு நிற்க முடியும்.

(தொடரும்)