ஓட்டை போடுமுன் இரண்டு நிமிஷம்!



நம்ம ஊர்ல ஒரு புது வீடு எழும்பினா, சுவர் பூசி முடிஞ்ச கையோட கேட்கிற சத்தம் எது? ‘டுர்ர்ர்ர்...’ என்று பல்லைக் கூச வைக்கிற டிரில்லிங் மிஷின் சத்தம்தான்! நம்மோட படிக்கிற பல பேர் வீட்டுல அப்பாவோ அண்ணனோ மாமாவோ வயரிங், பிளம்பிங், ஆசாரி வேலைக்குப் போறாங்க. எங்க சித்தப்பாவும் வயரிங் வேலைதான். அவங்க கிட்ட கேட்டதையும் இயற்பியல் வகுப்பில் படிச்சதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதல்லயே ஒண்ணு. 18 வயசு ஆகாத நாம இந்த மிஷினைக் கையில எடுக்கக் கூடாது. ஆனா வீட்டுல அதைப் பிடிக்கிறவங்க கிட்ட “இதைப் பாத்தியளா?” என்று கேட்கலாம் இல்லையா? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எப்படி வேலை செய்கிறது?

பாறையில் வெடி வைக்கக் குழி போடுவதை முன்னாடி கையாலதான் செய்வாங்க. நீளக் கம்பியை அடிச்சு, கொஞ்சம் திருப்பி, மறுபடியும் அடிக்கணும். ‘தமர் போடுறது’ என்று பேர். இம்பாக்ட் டிரில்லும் அதையேதான் செய்கிறது. உள்ளே பல்லு வெட்டின இரண்டு வட்டுகள் இருக்கும். ஒன்று சுற்றும், ஒன்று சுற்றாது. பல் மேல் பல் ஏறி இறங்கும்போது பிட் முன்னும் பின்னும் குதிக்கும். எங்க வீட்டு மிஷின் லேபிளில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 48,000 அடி என்று போட்டிருக்கு. வகுத்துப் பாருங்க, ஒரு சுற்றுக்கு 16 அடி!

இதைச் சுவர், காங்கிரீட், கல்லுக்கு மட்டும்தான் ‘சுத்தியல்’ படம் போட்ட பக்கம் வைக்கணும். அயினிப் பலகை, தேக்கு நிலை, இரும்பு, டைல்ஸ் இதுக்கெல்லாம் சாதாரண சுற்று போதும். டைல்ஸில் அடி கொடுத்தா விரிசல் விட்டுரும். சுவருக்குள்ள பிட் வேற, மரத்துக்குள்ள பிட் வேற. சுவர் பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு பற்ற வைத்திருக்கும்.

அந்த இரண்டு நிமிஷம்

மிஷின் ஓடும்போது எல்லாரும் கவனமாத்தான் இருக்காங்க. பல ஆபத்துகள் சுவிட்சை அமுக்குறதுக்கு முந்தியே ரெடியா உட்கார்ந்திருக்கு என்பாவ சித்தப்பா. அதனால முதலில் பார்க்க வேண்டியவை:

1. பிளக். சில பேர் வயரின் நுனியைச் சீவி, தீக்குச்சி வெச்சு சாக்கெட்ல சொருகுவாங்க. கூடவே கூடாது! வயரில் வெட்டு இருந்தால் டேப் சுற்றி ஒப்பேத்தக் கூடாது, வயரையே மாற்றணும்.

2. எர்த். பழைய இரும்பு பாடி மிஷினுக்கு மூணு பின் பிளக்கும் நல்ல எர்த்தும் கட்டாயம். இப்போது வருகிற பல மிஷினில் இரண்டு பின்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கா என்று பாருங்க. இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, அதுக்கு எர்த் தேவையில்லை. ஆனா தண்ணி பட்டால் எந்தக் காப்பும் காப்பாற்றாது.

3. லாக் பட்டன். விசையை விட்டாலும் மிஷின் ஓடிக்கிட்டே இருக்க ஒரு சின்னப் பட்டன் உண்டு. வேலை நடுவுல கரண்ட் போகும். லாக் போட்டிருந்ததை மறந்து மிஷினைக் கீழே வெச்சிட்டு டீ குடிக்கப் போவாங்க. கரண்ட் வந்ததும் அது தானே துள்ளி ஓடும்! கரண்ட் போனால் உடனே பிளக்கைப் பிடுங்கணும்.

4. சக் சாவி. பிட் மாட்டும் முன் பிளக்கை எடுக்கணும். முறுக்கின சாவியைச் சக்கிலேயே விட்டால் சுவிட்ச் போட்டதும் அது தெறித்து முகத்தில் அடிக்கும்.

5. சுவர். சுவருக்குள் வயர் பொதுவா நேராத்தான் போகும். அதனால சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் இடமும் வலமும் ஓட்டை போடக் கூடாது. தண்ணிக் குழாய்க்கும் இதே கணக்கு.

ஃபியூஸ் காப்பாற்றுமா?

“ஃபியூஸ் இருக்குல்லா, ஒண்ணும் ஆகாது” என்று பலர் நினைக்கிறாங்க. கணக்குப் போடுவோம். 550 வாட் மிஷினை 230 வோல்ட்டில் ஓட்டினால் சுமார் 2.4 ஆம்பியர் ஓடும். அதாவது 2400 மில்லி ஆம்பியர். மனுஷ உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அது மிஷின் எடுக்கிற கரண்டில் 80-ல் ஒரு பங்குதான்! இவ்வளவு குறைந்த கரண்டுக்கு ஃபியூஸும் எம்.சி.பி.யும் அசையாது. அவை காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேணும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணைக்கணும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கம்பால் வயரைத் தள்ளணும். பிறகு 108-க்கு போன்.

பிடிக்கும் முறை

பக்கக் கைப்பிடியைக் கழற்றி வீசக் கூடாது. காங்கிரீட் உள்ளே கம்பியில் பிட் மாட்டினா பிட் நின்னுரும், மிஷின் சுற்றும்! சித்தப்பா கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்கு இப்படி மணிக்கட்டு திருகி ஒரு மாசம் கட்டுப் போட்டிருந்தாவ. பாடத்தில் படிச்ச திருப்பு விசைதான் இது. பிடிக்கிற இடம் சுற்றும் அச்சிலிருந்து தள்ளி இருந்தால் அதை அடக்குறது எளிது.

“மிஷினு வேலை செய்யட்டும் மக்களே, நீ ஏன் தள்ளுத?” என்று கையாளாக வருகிற அண்ணனிடம் சித்தப்பா சொல்லுவாவ. மிஞ்சி அழுத்தினால் மோட்டார் சூடாகும், பிட் முனை மழுங்கும். அடிக்கடி பிட்டை வெளியே இழுத்துத் தூசியை விடணும்.

கண்ணாடி, மாஸ்க், காதடைப்பு மூன்றும் வேணும். காங்கிரீட் தூசியில் சிலிக்கா உண்டு. வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதைக் குணமாக்க மருந்து கிடையாது. கையுறைத் துணியும் தொங்குற துண்டும் சாரத்து நுனியும் சுற்றுகிற பிட்டில் மாட்டிக் கொள்ளும், கவனம்!

வேலை முடிந்த பிறகு

* ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டால் மோட்டார் ஆறும். பிறகு பிளக்கை எடுத்து, காற்றுத் துவாரத்தில் உள்ள தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டணும். தண்ணீரில் கழுவக் கூடாது.
* உள்ளே நீலப்பொறி அதிகமா பறந்தா, மிஷின் விட்டு விட்டு ஓடினா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டையும் ஜோடியாக மாற்றணும்.
* நம்ம மாவட்டத்தில் ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. பிட்டும் சக்கும் சீக்கிரம் துருப்பிடிக்கும். லேசா எண்ணெய் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வைக்கணும்.

தெரிந்து கொள்வோம்!

* 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின் துளைக் கருவியை உருவாக்கியது.
* துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் உள்ள வடிவத்துக்கு 1917-ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது.
* நம்ம ஆட்கள் சொல்லும் ‘ராவல் பிளக்’ ஒரு ஆளோட பேர்! லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர் கெடாமல் மின்சாதனம் பொருத்த, ஜான் ராலிங்ஸ் 1911-ல் சணல் நாரால் அதைச் செய்தார்.

நண்பர்களே! ஒரு ஓட்டை போட அரை நிமிஷம். பிளக், வயர், லாக், சாவி, சுவர் பார்க்க இரண்டு நிமிஷம். இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், மிஷினை எடுத்து வையுங்க என்று சொல்லி அந்த வயரை மட்டும் ஒரு தடவை பாருங்க. காலையில வேலைக்குப் போறவங்க அந்தியில வீட்டுக்குத் திரும்பி வரணும், அதுதானே நமக்கு வேணும்!