உறங்கி உழைக்கும் கருவிகள்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. கம்பியில்லா உணரிகளை அமைக்கும் பொறியாளர்க்கு இதனினும் நல்ல அறிவுரை இல்லை என்பேன்.

உணரி என்பது யாது? வெப்பம், ஈரம், ஒளி முதலியவற்றை அளந்து வானொலி அலை வழியே தெரிவிக்கும் சிறு கருவி. இவை பல சேர்ந்து, ஒன்றன் செய்தியை மற்றொன்று வாங்கி அனுப்புமாறு அமைந்தால் அதுவே உணரி வலையம்.

2002-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கிரேட் டக் தீவில், பெர்க்கிலி ஆய்வாளர்கள் 32 உணரிகளை வைத்தனர். மண்வளைகளில் வாழும் லீச் புயற்பறவையை ஆராய்வது நோக்கம். அடைகாக்கும் முதல் இரு வாரங்களில் தொல்லை நேர்ந்தால் அப்பறவை வளையையே துறந்துவிடக்கூடும். மின்கலம் மாற்ற அடிக்கடி சென்றால், ஆராய வந்த பறவையையே விரட்டியவராவோம்! எனவே, பென் டார்ச்சில் இடும் இரண்டு மின்கலங்களைக் கொண்டே 9 மாதங்கள் ஓட்டியாக வேண்டியிருந்தது.

மின்னாற்றல் எங்கே கரைகிறது? வெப்பத்தை அளப்பதில் மிகச் சிறிதே, பெரும்பகுதி வானொலிக்கே. அதிலும் ஒரு விந்தை. பேசுவதற்குத்தானே செலவு, கேட்பதற்கு என்ன செலவு என்று எண்ணுவோம். பின்னர்ப் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 என்னும் வானொலிச் சில்லுக்கு அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர் வேண்டும், கேட்கவோ 18.8! எவரும் பேசாத வேளையிலும் செவி திறந்திருந்தால் இதே செலவுதான்.

கணக்கிட்டுப் பாருங்கள். மின்கலங்களின் கொள்ளளவு 2,500 மில்லி ஆம்பியர் மணி எனக் கொள்வோம். இடைவிடாது 20 மில்லி ஆம்பியர் செலவானால் 125 மணியில், அதாவது ஐந்தே நாளில், தீர்ந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் ஏறத்தாழ 500 நாள் வரும்!

உறங்கும் கருவிக்குச் செய்தி சொல்வது எங்ஙனம்? நேரம் குறித்துக்கொண்டு இரண்டும் ஒன்றாக விழிக்கலாம். அல்லது, கேட்கும் கருவி அவ்வப்போது கணநேரம் விழித்துச் செவிசாய்க்க, சொல்லும் கருவி அதுவரை அழைப்பொலியை நீட்டலாம். இங்கே கேட்பது மிச்சப்படுத்துகிறது. சொல்வது கூடுதலாகச் செலவிடுகிறது. உறக்கம் மிகுந்தால் அழைப்பும் நீளும், செய்தியும் தாமதமாகும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. நிலையத்தை அடுத்துள்ள உணரிகள் தொலைவில் உள்ளவற்றின் செய்திகளையும் சுமப்பதால் முதலில் ஓய்ந்துபோகும். அவை ஓய்ந்தால், மின்கலம் நிறைந்திருந்தும் தொலைவில் உள்ளவை ஊமையாகும். ஆகவே, ஒரு கருவியின் சிக்கனத்தை மட்டும் பார்த்தால் போதாது. சுமையைப் பகிர்ந்தளிப்பதே வலையத்தை வாழவைக்கும் வழி.