கூட இருப்பவர்கள் – 9: கோடு போட்ட நோட்டு

எங்கள் கூட்டம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறை. பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொள்வோம். வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். சில அப்பாக்கள், இரண்டு மூன்று மனைவிமார், என்னைப் போல ஓரிரு தங்கைகள். எல்லார் வீட்டிலும் ஒருவருக்கு மனச்சிதைவோ பைபோலாரோ வந்து, சிகிச்சை நடந்து, இப்போது தேறிக்கொண்டிருக்கிறார். யார் முதலில் பேச வேண்டும் என்று விதி கிடையாது. மூன்றேகால் வாக்கில் யாராவது ஒரு பெருமூச்சு விடுவார்கள், அங்கிருந்து பேச்சு ஆரம்பித்துவிடும்.

சென்ற வாரம் ஏர்வாடியைப் பற்றி எழுதியிருந்தேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அதைப் படித்த தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: “பெத்தவங்க எப்படிடி அங்க கொண்டுபோய் விட்டாங்க? மனசே இல்லையா?” அவளுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மனசு இருந்தது. பத்து வருடம் தூக்கம் இல்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல், எவரும் எட்டிப்பார்க்காமல், ஒரு வீடு தனியாகவே ஒரு நோயைச் சுமந்தால் அந்த மனசு என்னவாகும் என்பதை அவளுக்கு விளக்க ஒரு போன் பேச்சு போதாது. அதற்காகத்தான் இந்த வாரம் அவளை எங்கள் மாடி அறைக்கு அழைத்துப்போகிறேன்.

போன தை மாதம் புதிதாக ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூட்டத்தில் எல்லாரும் அவரை ஹெட்மாஸ்டர் என்றே கூப்பிடுகிறோம், இங்கும் அப்படியே இருக்கட்டும். ஒரே பையன், வயது முப்பத்தொன்று. கல்லூரி இரண்டாம் வருடத்தில் நோய் வந்தது. மூன்று முறை மருத்துவமனை. இப்போது இரண்டு வருடமாகக் காதில் குரல் கேட்பதில்லை. “ஆனா எங்கிட்ட பேசமாட்டேங்கிறான். நான் உள்ள போனா அவன் வெளிய போயிடுறான்” என்றார். சொல்லும்போது சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எதிரில் இருந்த அம்மா, காய்கறிக் கடை வைத்திருப்பவர், கேட்டார்: “சார், மாத்திரை போட்டியான்னு ஒரு நாளைக்கு எத்தன தடவ கேப்பீங்க?”

ஹெட்மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். காலை காபியோடு ஒன்று. டிபனுக்கு அப்புறம் ஒன்று. மத்தியானம் அவர் தூங்கி எழுந்ததும். ஏழு வந்தது. ஏழாவது விரலில் நிறுத்திவிட்டு அவரே கையைப் பார்த்தார்.

“நானும் அப்படித்தான் சார் இருந்தேன். எம்பொண்ணு ஒருநாள் சொல்லிச்சு, ‘அம்மா, நான் உனக்குப் பொண்ணா, மாத்திர டப்பாவா?’ன்னு.”

யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவே, மருந்துக்கடையில் விற்கும் ஏழு அறைப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து வாரத்துக்கான மாத்திரையை நிரப்புவது. ராத்திரி ஒருமுறை, அந்தக் கிழமையின் அறை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான், வாயைத் திறப்பதில்லை.

ஒரு காய்கறிக் கடைக்காரம்மா பத்து நிமிடத்தில் சொன்ன இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்குப் பல வருடம் பிடித்தது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த மனச்சிதைவு நோயாளிகள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, வாடகை அறைகளில் தங்கியவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியிருந்தது. ஏன் என்று பார்க்க, அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் வீட்டுப் பேச்சையே அளக்கத் தொடங்கினார்கள். குத்திக்காட்டும் சொல் எத்தனை, பகைமை எவ்வளவு, ஒரு மூச்சுகூடத் தனியாக விடவிடாத ஒட்டுதல் எவ்வளவு. இந்த மூன்றும் கூடுதலாக இருந்த வீடுகளில் நோய் திரும்புவதும் கூடுதலாக இருந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் பழி எங்கள் அம்மா தலையில்தானா என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகு மீதியையும் படித்தேன். சண்டிகரில் இதே அளவுகோலை வைத்து ஆராய்ந்து 1987இல் வெளியான முடிவுகளில், அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாக இருந்தன. அதைவிட முக்கியமானது ஒன்று. குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, மற்றக் குடும்பங்களோடு உட்காரவைத்துப் பேசவிட்டபோது, நோய் திரும்புவது குறைந்தது. அம்மாவைக் குற்றம் சொல்லும் ஆராய்ச்சி அல்ல அது. அம்மாவுக்கு உதவி தேவை என்று சொல்லும் ஆராய்ச்சி. பயத்தில் இருக்கிறவர்தான் ஏழு தடவை கேட்பார். அந்தப் பயத்தை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் உறவினர்களை உள்ளே வரச்சொல்லி, வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு தங்கவைத்தார். இடமும் போதவில்லை, ஆளும் போதவில்லை. ஆனால் தங்கியவர்கள் நோயைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு திரும்பினார்கள். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்குவது சிகிச்சையின் பகுதியாகவே ஆனது. இன்றும் அங்கே போனால் நோயாளியோடு தங்கியிருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். மகன் எந்த மாத்திரைக்குத் தூங்குகிறான், எந்த வார்த்தைக்குச் சுருங்குகிறான் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்.

எங்களுக்கு அது வாய்க்கவில்லை. அண்ணனை முதல் தடவை சேர்த்த மருத்துவமனையில், வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “மாத்திரைய நிறுத்தாம குடுங்க.” மாத்திரை போட்டால் எச்சில் ஒழுகும், உடம்பு பெருக்கும், பகலெல்லாம் தூக்கம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. குரல் கேட்பது நின்ற பிறகும், குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் நோய்தான் என்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். ஐந்து வருடம் திட்டினாள். பிற்பாடு தெரிந்தபோது, சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அண்ணனை நினைத்து அழுதாளா, தான் பேசிய பேச்சை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

சென்னையில் இந்த இடைவெளியைப் பார்த்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல வருடம் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, 1984இல், ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. பகல்நேர மையம், கைத்தொழில் பயிற்சி, குடும்பத்தாருக்கு ஆலோசனை என்று வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் வேலை செய்தார். 98 வயதில், 2021 டிசம்பரில் காலமானார்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப எல்லா இடத்திலும் மனநல மருத்துவர் வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலும், கோவா, சதாராவிலும் 282 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அதில் 187 பேர் வீட்டுக்கு, வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சிபெற்ற உள்ளூர் ஊழியர்களும் போய்வந்தார்கள். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாதவர்கள். மாத்திரை, சாப்பாடு, வேலைக்குப் போவது, அக்கம்பக்கத்தோடு பேசுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடத்தில் அந்த 187 பேருக்கு நோய்க்குறிகளும் முடக்கமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்பது ஒரு வீட்டுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் வந்துபோவது முதல் இரண்டு வருடத்திலேயே நின்றுவிட்டது.

புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு 2010 முதல் ஒரு பேருந்து போய்வந்தது. அதற்குள்ளேயே திரையில் சென்னை மருத்துவரோடு பேசிவிட்டு, அங்கேயே மருந்தையும் வாங்கிக்கொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது நாட்டின் முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இப்போது 14416 என்ற எண்ணில் ‘டெலி மனஸ்’ என்ற மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, வீட்டில் பார்த்துக்கொள்கிறவரும் தனக்காகக் கூப்பிடலாம். இந்த எண்ணைக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவர் போனிலும் நானே பதிந்துகொடுக்கிறேன். நடு ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்தில் நின்றிருக்கிறவர்களுக்கு அது ஒரு வாசல்.

எந்தக் கூட்டமாக இருந்தாலும் நாலரை மணிக்கு மேல் அந்தக் கேள்வி வந்துவிடும். ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார், திரும்ப உட்காருவார். “எங்களுக்கு அப்புறம்?” என்பார். மீதி வாக்கியம் தேவையில்லை.

2017ஆம் வருட மனநலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்துக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. சமூகத்துக்குள் வாழ்வது அவர் உரிமை. சட்டம் சொல்லிவிட்டது, வீடு எங்கே? ‘தி பேனியன்’ அமைப்பு 2015 முதல் நடத்தும் ‘ஹோம் அகெய்ன்’ முயற்சியில், பல வருடம் உள்ளேயே இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில், உதவிக்கு ஓர் ஆளோடு குடியிருக்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். அப்படி ஒரு வீடு ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்திருந்தால் எங்கள் அம்மா கொஞ்சம் நிம்மதியாகக் கண்மூடியிருப்பாள். கடைசி வாரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அண்ணனைப் பற்றி மட்டும்தான்.

வீடு வரும்வரை, எங்கள் கூட்டத்தில் ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நோட்டு. அப்பா அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் ஏறவேண்டும். மாத்திரையின் பெயர், அளவு, எது ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைத் தேதி. மாற்றுத்திறனாளி அட்டை எந்த டிராயரில். நோய் திரும்புவதற்கு முன் வரும் அறிகுறிகள்: ஒருவருக்குத் தூக்கம் போகும், ஒருவர் ஜன்னலைச் சாத்த ஆரம்பிப்பார், என் அண்ணன் ரேடியோவை நிறுத்திவிடுவான். என்ன பிடிக்கும், எதைச் சொன்னால் மனசு நோகும். நாளைக்கு முடியாமல் போனால் தன் சார்பில் பேச யாரை நியமிக்க விரும்புகிறார், எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம். இதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அதே சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது.

ஆடி மாதக் கூட்டத்துக்கு ஹெட்மாஸ்டர் வந்தபோது கையில் நீல அட்டை போட்ட, கோடு போட்ட நோட்டு. இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தார். மார்ஜின் விட்டு, தலைப்புக்கு அடிக்கோடிட்டு. நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தோம். ‘உணவு’ என்ற தலைப்பின் கீழ், ‘வெண்டைக்காய் பிடிக்காது’ என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வேறு கையெழுத்து, கொஞ்சம் நடுங்கிய எழுத்து: ‘வதக்கினால் பிடிக்கும்.’

“இது யார் சார் எழுதினது?”

“அவன்தாம்மா. நான் எழுதி மேஜை மேல வச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா ஒக்காந்து படிச்சிட்டு இருக்கான். ‘அப்பா, இத யார் சொன்னா?’ன்னு கேட்டான்.” பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘நியமனம்’ என்ற தலைப்பின் கீழ் அவர் எழுதியிருந்த பெயரும் அடிக்கப்பட்டிருந்தது. அதே நடுங்கிய எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ‘கூடப் படித்தவன். இன்னும் போன் பண்ணுகிறான்.’

“இந்தப் பையனை எனக்குத் தெரியவே தெரியாதும்மா” என்றார் ஹெட்மாஸ்டர். “அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கோம்.”

(தொடரும்)