கேஸ் வண்டி சிக்னலில் ஆடுதா? ‘ஸ்குரூ’வைத் திருகாதீங்க!

கோளாறைக் காட்டிக் கொடுக்கும் பிரஷர் மீட்டர்

சென்னை,

சிக்னலில் நின்றால் ஆட்டோ கிடுகிடு என்று ஆடுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ‘கப்சிப்’! மறுபடி நின்றால் மறுபடி ஆட்டம். பின் சீட்டில் இருப்பவர் “என்னப்பா, கேஸ் நாத்தம் வருதே?” என்று மூக்கைப் பொத்துகிறார். மைலேஜும் அடி வாங்குகிறது.

சி.என்.ஜி. வண்டி ஓட்டும் பலருக்கும் இது பழகிப்போன தலைவலி. பழியைப் பெரும்பாலும் பங்க் மீது போடுகிறார்கள். “அளவு குறைச்சுப் போடுறாங்க சார்!” என்று புலம்பல். ஆனால் கேஸ் குறைவாக வருவதல்ல, அளவுக்கு மீறிய பிரஷரில் என்ஜினுக்குப் போவதும் இதே தொல்லையைக் கொடுக்கும்!

எண்ணூரில் 2019-ல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த பிறகு, சென்னையில் சி.என்.ஜி. வண்டிகள் பெருகிவிட்டன. ஓட்டுபவர்கள் பெருகிய வேகத்துக்கு, கோளாறு பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் பெருகவில்லை.

200-ல் இருந்து இறங்குவது எப்படி?

பங்க்கில் சி.என்.ஜி. ஏறுவது சுமார் 200 ‘பார்’ அழுத்தத்தில். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 ‘பார்’தான். அதாவது டயரைப் போல் நூறு மடங்கு! அதை அப்படியே என்ஜினுக்குள் விட்டால் என்ன ஆகும்? எனவேதான் நடுவில் ரெகுலேட்டர். ‘ரெடியூசர்’ என்றும் சொல்வார்கள். 200-ஐ ஒரு சில ‘பார்’ அளவுக்கு இறக்கி இன்ஜெக்டருக்கு அனுப்புவது இதன் வேலை.

வெயிலில் நின்ற வண்டியில் சிலிண்டர் முள் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பயம் வேண்டாம். சூட்டில் கேஸ் பிரஷர் கூடுவது இயற்கை. தகராறு எல்லாம் ரெகுலேட்டருக்கு அந்தப் பக்கம்தான்.

ரெகுலேட்டருக்குள் ஒரு சிறு வால்வு ‘சீட்’டில் உட்கார்ந்து மூட வேண்டும். பில்டர் மாற்றாத வண்டியில் தூசியும், கம்பிரசரில் இருந்து கேசோடு வரும் எண்ணெய்ப் பசையும் அங்கே படிந்துவிடும். வால்வு முழுசாக மூடாது. கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். வண்டி ஓடும்போது என்ஜின் அதை விழுங்கிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது தேவை கொஞ்சம், வருவது அதிகம். பிரஷர் ஏறுகிறது, என்ஜின் திணறுகிறது. ரெகுலேட்டரில் உள்ள பாதுகாப்பு வால்வு திறந்து ‘உஸ்’ என்று கேசை வெளியே தள்ளுவதும் உண்டு. பின் சீட்டுக்கு வரும் நாற்றம் இதுவாகவும் இருக்கலாம்!

காரில் இன்னொரு கூத்து. 200-ல் இருந்து விரியும் கேஸ் கடுமையாகக் குளிரும். அதனால் ரேடியேட்டர் சுடுதண்ணீரை ரெகுலேட்டர் வழியாக ஓட விட்டிருப்பார்கள். தண்ணீர் குறைந்தாலோ அடைத்தாலோ ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும். சென்னை வெயிலில் பனியா என்று சிரிக்க வேண்டாம். கேசில் உள்ள ஈரம் உள்ளே உறைந்து, வால்வை மூட விடாமல் செய்துவிடும்.

மீட்டர் சொல்லும் உண்மை

ஒர்க்ஷாப்பில் நடப்பது என்ன? “ஒண்ணுமில்லண்ணே, கொஞ்சம் குறைச்சு வச்சா சரியாயிடும்” என்று ரெகுலேட்டர் ஸ்குரூவை அரைச் சுற்று திருகி விடுகிறார்கள். அன்று சிக்னலில் வண்டி சமர்த்தாக நிற்கும். மறுநாள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது கேஸ் போதாமல் இழுக்காது. ‘பட் பட்’ என்று வெடிக்கும். கசிவு அப்படியே இருக்கும். இது வைத்தியமே அல்ல.

சரியான வழி, பிரஷர் மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான். பயிற்சி பெற்ற மெக்கானிக் சிலிண்டர் வால்வை மூடி, பைப்பில் மிச்சமுள்ள கேஸ் தீரும்வரை என்ஜினை ஓட விட்டு, பிறகு குறைந்த அழுத்தப் பக்கத்தில் மீட்டரை மாட்டுவார். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். 200 ‘பார்’ பக்கத்தில் சின்ன மீட்டரை மாட்டினால் ஆபத்து!

என்ஜின் சூடான பிறகு முள்ளைப் பார்க்க வேண்டும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி புத்தகத்தில் இருக்கும். நிற்கும்போது முள் ஏறி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சரியான அளவுக்கு இறங்கினால் ‘சீட்’ கசிவு என்று அர்த்தம். எந்த வேகத்திலும் ஒரே மாதிரி அதிகமாக நின்றால் யாரோ ஏற்கனவே ஸ்குரூவில் கை வைத்திருக்கிறார்கள். என்ஜினை நிறுத்தியதும் முள் லேசாக ஏறி நின்றுவிட்டால் ரெகுலேட்டரைப் பார்த்தால் போதும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால்? கேசை அடைக்கும் சோலனாய்டு வால்வும் ‘அவுட்’!

ஆனால் ரெகுலேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. என்ஜினில் இருந்து ரெகுலேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் ‘வேக்குவம்’ டியூப்! பல வண்டிகளில் என்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ரெகுலேட்டருக்குச் சொல்வது இதுதான். இது கழன்றாலோ வெடித்தாலோ, வண்டி நிற்கும்போது பிரஷர் இறங்காமல் மேலேயே நிற்கும். டியூப் கொஞ்சக் காசுதான். இதைப் பார்க்காமல் ரெகுலேட்டரையே மாற்றி ஆயிரக்கணக்கில் ‘பில்’ போட்டால் டிரைவரின் ஒரு வார வசூல் காலி!

கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன் என்று சொன்னாலும் விட வேண்டாம். சென்சாரே பொய் சொல்லலாம். மீட்டரும் ஸ்கிரீனும் ஒரே அளவு காட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்.பி.ஜி. ஆட்டோக்காரர்கள் கவனிக்க!

எல்.பி.ஜி. கதை வேறு. அது டாங்கியில் திரவமாக இருக்கிறது. சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். பங்க்கில் தானாகவே நின்றுவிடும். வீட்டு சிலிண்டரில் இருந்து திருட்டுத்தனமாக ஏற்றும்போது இந்தக் கணக்கு தவற வாய்ப்பு அதிகம். தளும்ப நிரப்பிய டாங்கியை வெயிலில் நிறுத்தினால் திரவம் விரிய இடமின்றி பிரஷர் மளமளவென்று எகிறும். சட்டப்படியும் குற்றம்.

கசிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. சி.என்.ஜி. காற்றைவிட லேசு, மேலே போய்விடும். எல்.பி.ஜி. கனம், தரையிலும் பள்ளத்திலும் தங்கும். அடித்தள பார்க்கிங்கில் நாற்றம் வந்தால் சாவியைத் தொடாமல் இறங்கி, சுவிட்ச் எதையும் போடாமல் வெளியேற வேண்டும். சிலிண்டர் வால்வு கைக்கு எட்டினால் மூடலாம்.

சி.என்.ஜி. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அடுத்த சோதனைத் தேதி இருக்கும். தேதி தாண்டிய வண்டி வந்தால், பங்க்கில் கேஸ் போட மறுக்கலாம்.